யார் கடித்தது என்று சொல்ல மாட்டோம்

எங்கள் காப்பகத்தில் யார் கடித்தது என்று சொல்ல மாட்டோம். கடிபட்ட குழந்தையின் வீட்டாரிடம் எந்த இடத்தில் கடி, எவ்வளவு சிவந்தது, என்ன வைத்தோம், எவ்வளவு நேரம் அழுதது என்று விலாவாரியாகச் சொல்வோம். கடித்த வாய் யாருடையது என்பதை மட்டும் விழுங்கிவிடுவோம். இரண்டு வயதுக் குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது என்று யாரோ நல்ல மனசுக்காரர்கள் போட்ட சட்டம் அது. அவர்களில் ஒருவர்கூட சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று ஒரு அம்மாவிடம் "சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிப் பார்த்தவர் இல்லை என்று நினைக்கிறேன்.

நான் இரண்டு வயதுக் குழந்தைகளின் அறையில் வேலை பார்க்கிறேன். குழந்தைகளுக்கு நான் பெரிய மிஸ். போன வருஷம் படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்த பெண் சின்ன மிஸ். வயதைப் பார்த்து வந்த பட்டம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். குழந்தைகள் என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுப் பார்த்து, எட்டாமல் போனதால் வைத்த பெயர் என்பது சின்ன மிஸ்ஸுக்குத் தெரியும். அவள் சிரிப்பை அடக்குவது எனக்கும் தெரியும்.

வெளியே இருப்பவர்களுக்குக் கடி என்றால் கொலைக்கு முந்தின கட்டம். எங்களுக்கு அது பேச்சு. கடவாய்ப் பல் முளைக்கும்போது ஈறு நமநமவென்று இருக்கும், கடிப்பார்கள். தள்ளிப் போ என்று சொல்ல வாய் வராது, கடிப்பார்கள். பொம்மை வேண்டும், கடிப்பார்கள். அதே பொம்மை வேண்டாம், அதற்கும் கடிப்பார்கள். அதற்காகவே ஃபிரிட்ஜின் மேல்தட்டில் ஈரத்துணிகளைச் சுருட்டி உறைய வைத்திருப்போம். ஈறு அரிக்கிறவர்கள் சுருட்டுப் பிடிக்கிற பெரிய மனிதர்கள் மாதிரி அதை வாயில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வருவார்கள்.

இந்த அறையில்தான் ஹாரன் வந்து சேர்ந்தான். அப்பா பஸ் டிரைவர். பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வேண்டும் என்றால் "பீப்", வேண்டாம் என்றால் நீளமாக "பீஈஈப்", அவ்வளவுதான் அவன் அகராதி. அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை, மாதக் கடைசியில் வந்து போவாள். மற்ற நாளெல்லாம் டிரைவர்தான் எல்லாமும். காலையில் சீருடைச் சட்டையில் பால் கறையோடு வந்து, பையனை என் கையில் திணித்துவிட்டு டிப்போவுக்கு ஓடுவார்.

வந்த முதல் வாரமே ஹாரன் ஒருவனைக் கடித்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். லாரித் தகராறு. மற்றவன் லாரியைப் பிடுங்கினான், இவன் முறைப்படி "பீஈஈப்" என்று எச்சரித்தான், அவன் சட்டை பண்ணவில்லை, இவன் மணிக்கட்டில் ஒரு கடி வைத்தான். மறு நிமிஷம் இருவரும் ஒரே லாரியில் மணல் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது வீட்டுக்குப் போகும் நேரம். இரண்டு அம்மாக்கள் கதவோரம் நின்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த அறையில் எந்தக் கடி விழுந்தாலும் அது ஹாரன் தலையில்தான் கட்டப்பட்டது.

கடியும் விழாமல் இல்லை. ஒருவன் கன்னத்தில் ஒன்று, ஒருத்தி கையில் ஒன்று. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அழுகைதான் மிஞ்சும், கடித்தவர் கம்பி நீட்டியிருப்பார்.

பெற்றோர் தரப்புக்குத் தலைவி பஞ்சுவின் அம்மா. பஞ்சு எங்கள் அறைச் செல்லம். கன்னம், கை, தொடை எல்லாம் தொட்டால் அமுங்கும். பார்க்கிறவர்களையெல்லாம் கட்டிப்பிடிப்பாள், தூண் என்றாலும் சரி. அம்மா பல் டாக்டர். வாசலில் ஒருத்தி தன் பிள்ளையின் கன்னத்தைத் திருப்பிக் காட்ட, டாக்டரம்மா குனிந்து பார்த்து, "பையனோட தாடை மாதிரிதான் தெரியுது" என்று சொல்லிவிட்டார். பாதி மறைந்துபோன சிவப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வித்தையை எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்களோ! ஆனால் டாக்டர் சொன்னால் சொன்னதுதான். அன்று மாலையே "பாதுகாப்பான குழந்தைகள்" என்று ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்தது. டிரைவரைத் தவிர எல்லோரும் அதில் இருந்தார்கள்.

மேடம் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். காப்பகம் அவருடையது. கெட்டவர் இல்லை, யார் கடைசியாகச் சத்தம் போட்டார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற மனுஷி.

"அந்தப் பையனை எடுங்க, இல்லைன்னா நாங்க எங்க பிள்ளைங்களை எடுத்துடுறோம்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அவன் கடிச்சதை யாரு பார்த்தா மேடம்?"

"யாரும் பார்க்கலை, அதானே பிரச்சனை. நீங்க அவன் கூடவே இருங்க. கை எட்டுற தூரத்துல. நகரக் கூடாது. இன்னொரு கடி விழுந்துச்சுன்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

எங்கள் தொழிலில் இதற்கு நிழல் வேலை என்று பெயர். குழந்தை எங்கே போகிறதோ அங்கே நாமும் போக வேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்தவருக்கு முட்டிவலி இருந்திருக்காது. ஹாரன் மேஜைக்கு அடியில் போனால் நானும் மேஜைக்கு அடியில். அவன் அட்டைப்பெட்டிக்குள் புகுந்தால் நான் பெட்டிக்கு வெளியே தலையை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு. அவன் ஆய் தொட்டியில் உட்கார்ந்து முக்கும்போதும் எதிரில் நான். ஒரே நாளில் அவனுக்கு விளங்கிவிட்டது, தனக்கு ஒரு பெரிய உருவத்தில் வேலைக்காரி கிடைத்திருக்கிறாள் என்று. "பீப்" என்றால் தண்ணீர் வந்தது, "பீப்" என்றால் லாரி வந்தது. ஆனால் வேறு ஒரு குழந்தை அவன் பக்கம் வரவில்லை. வர இடம் எங்கே இருந்தது? அவனைச் சுற்றி இருந்த இடத்தையெல்லாம் நான் அடைத்துக்கொண்டிருந்தேன். பஞ்சு இரண்டு மூன்று தடவை கையில் பந்தோடு வந்தாள். நான் அவன் வாயைப் பார்த்தபடியே, "அங்க போய் விளையாடு கண்ணு" என்று திருப்பி அனுப்பினேன்.

புதன்கிழமை வட்டமாக உட்கார்ந்து பாடுகிற நேரத்தில் ஹாரன் என் மடியில் இருந்தான். என் விரல் அவன் காலரில் மாட்டியிருந்தது. அறையின் மறுகோடியில் வீல் என்று ஒரு சத்தம். ஒருத்தியின் தோளில் பளிச்சென்று பல் அடையாளம். சின்ன மிஸ்ஸைப் பார்த்தேன். அவள் திருதிருவென்று விழித்தாள்.

"நீ எங்கடி பார்த்துட்டு இருந்தே?"

"ஹாரனைத்தான் மிஸ்."

மேஜை துடைக்க வந்த அக்காவைக் கேட்டேன். அவளும் ஹாரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஒரு சின்னப் பையன் வாய்க்கு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, மூன்று பேர் காவல் இருந்திருக்கிறோம். மற்ற வாய்கள் எல்லாம் அறைக்குள் சுதந்திரமாகத் திரிந்திருக்கின்றன. எங்களைப் போல் பயிற்சி பெற்ற ஆட்களால்தான் இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை இவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடியும்.

சரி, பையன் தப்பித்தான் என்று நினைத்தேன். மேடம் வாசலில் சொல்லியும் பார்த்தார், இது அவன் இல்லை என்று. "அப்ப யாரு?" என்றார்கள். தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. "அப்ப அவன்தான். மூடி மறைக்கிறீங்க" என்று முடித்துவிட்டார்கள். மறுநாள் காலை குழுவிலிருந்து மேடத்துக்கு என்ன வந்ததோ, பத்து மணிக்கு டிரைவருக்கு போன் போனது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அன்று சாயங்காலம் டிரைவர் வாசலில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"பக்கத்துல எல்லா இடத்துலயும் கேட்டுட்டேன் மிஸ். இடம் இல்லையாம், அடுத்த வருஷம் வரச் சொல்றாங்க. இவனை எங்க விடுவேன்? சீட்டுக்குப் பின்னாடி கட்டிப் போட்டுட்டா வண்டி ஓட்ட முடியும்? லீவு கேட்டுக் கேட்டு டிப்போல ஏற்கெனவே முறைக்கிறாங்க. வேலை போயிடும் மிஸ்."

"நேத்து கடிச்சது இவன் இல்லைங்க. என் மடியிலதான் இருந்தான்."

"அப்ப யாரு?"

"தெரியலை."

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டீங்க."

"சொல்ல மாட்டேன்."

தலையை ஆட்டிக்கொண்டு பையனைத் தூக்கிக்கொண்டு போனார். ஹாரன் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து "பீப்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கடைசி நாளாவது இவன் ஒரு குழந்தையாக இருந்துவிட்டுப் போகட்டும், நிழலாவது வெயிலாவது! சின்ன மிஸ்ஸிடம், "நான் சிங்க் பக்கம் உட்காரப் போறேன். நீ ஜன்னல் பக்கம் போ. எல்லாரையும் பாரு, ஒருத்தரை மட்டும் பார்க்காதே" என்றேன்.

"மேடம் வந்தா?"

"மேடம் வந்தா பெரிய மிஸ்ஸுக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லு."

ஹாரன் மணல் தொட்டியருகே தனியாக நின்றான். வேலைக்காரியைக் காணோமே என்று சுற்றுமுற்றும் பார்த்தான். நான் பெயின்ட் தட்டுகளைக் கழுவுவது போல் பாவனை செய்தேன். அடுத்த நிமிஷமே பஞ்சு வந்துவிட்டாள். இத்தனை நாளும் எங்கோ மூலையில் இதற்காகவே காத்துக்கொண்டு இருந்தவள் மாதிரி, ஓட்டமும் நடையுமாக. கையில் லாரி. அவன் கையில் கொடுத்தாள். அவன் "பீப்" என்றான். அவளும் "பீப்" என்றாள். பிறகு அந்த இருவரும் செய்த வேலை இருக்கிறதே! மணலை லாரியில் ஏற்றினார்கள், தலையில் கொட்டினார்கள், ஒருவர் ஷூவுக்குள் ஒருவர் நிரப்பினார்கள். அவன் சிரித்தான். எங்கள் அறைக்கு வந்ததிலிருந்து அவன் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். தட்டுகளைத் திரும்பவும் கழுவினேன்.

அவன் குனிந்து லாரியைத் தள்ளினான். சட்டை மேலே ஏறியிருந்தது. பஞ்சுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னாலிருந்து அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், முகத்தை முதுகில் புதைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு நறுக்கென்று ஒரு கடி.

சின்ன மிஸ்ஸும் பார்த்தாள், நானும் பார்த்தேன். கையும் களவுமாக. ஹாரன் ஊரைக் கூட்டினான். நான் ஓடிப்போய்த் தூக்கினேன், உறைந்த துணியை ஒற்றினேன், "ஒண்ணுமில்லைடா ராஜா" என்று முதுகைத் தடவினேன். உள்ளுக்குள் நான் குதித்துக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை வலியில் அழுகிறது, அதைத் தூக்கி வைத்திருப்பவளுக்கு வாய் காதுவரை போகிறது. இப்படி ஒரு கேவலமான ஆனந்தம் எனக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

பஞ்சு பக்கத்தில் நின்று உதடு பிதுங்கப் பார்த்தாள். அவளைக் கிட்டத்தில் இழுத்து வாயைத் திறந்து பார்த்தேன். பின்னால் ஈறு வீங்கிச் சிவந்து, பல் முட்டிக்கொண்டு நின்றது. அன்பு பொங்குகிறது, ஈறு அரிக்கிறது, சொல்ல வார்த்தை இல்லை. கட்டிப்பிடிக்கிற பிள்ளை என்று நாங்கள் கொஞ்சிய அத்தனை நாளும் அவள் வாயை யாரும் பார்க்கவில்லை. "இவனுக்கு வலிக்குது. கட்டிப் பிடிச்சுக்கோ, கடிக்க இதை வெச்சுக்கோ" என்று அவள் கையிலும் ஒரு துணியைக் கொடுத்தேன். வாங்கி மென்றாள். பிறகு லாரியைக் கொண்டுவந்து ஹாரனின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

மேடத்திடம் போனேன்.

"அப்படியா, பஞ்சுவா?" மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "டாக்டரம்மாகிட்ட நான் பக்குவமா பேசிக்கறேன். ஒரு வாரம் போகட்டும். அவங்கதான் குரூப்பையே நடத்துறாங்க."

"டிரைவரு?"

"அவர்கிட்டதான் சொல்லியாச்சே."

"அவன் கடிக்கலைன்னு இப்ப தெரிஞ்சு போச்சே மேடம்!"

"தெரியும்ங்க. வெளிய எப்படிச் சொல்றது? அவன் இல்லைன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்க. நீங்களும் வாயைத் திறக்காதீங்க. சட்டம் தெரியும்ல?"

சட்டம் தெரியும். சாயங்காலம்வரை அதைத்தான் யோசித்தேன். கடித்தவர் பெயரைச் சொல்லாதே என்று இருக்கிறது. கடிபட்டவரின் அப்பாவிடம் மெதுவாகப் பேசு என்று எங்கும் இல்லை.

டிரைவர் வந்தார். பையனின் மாற்றுடை, போர்வை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகப் பெரிய பையோடு வந்திருந்தார். வாசலில் முழுக் கூட்டம். டாக்டரம்மா நடுவில் நின்றுகொண்டிருந்தார். வேண்டுமென்றே படியில் ஏறி நின்றுகொண்டு தொண்டையைச் செருமினேன்.

"உங்க பையனை இன்னைக்குக் கடிச்சுட்டாங்க!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"இவன் கடிச்சுட்டானா?" என்றார் டிரைவர், முகம் செத்துப்போய்.

"இல்லைங்க. இவன் கடி வாங்கியிருக்கான்."

"என் பையனா? எங்க?"

"நடு முதுகுல."

டிரைவர் பையைக் கீழே போட்டார். தன் கையைப் பின்னால் வளைத்துத் தன் நடு முதுகைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை. மறு கையால் பார்த்தார். அதுவும் எட்டவில்லை. கழுத்தைத் திருப்பி வாயைத் தோளருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், பிள்ளை முதல் பரிசு வாங்கியிருந்தால்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். ஹாரனைத் தூக்கிச் சட்டையை உயர்த்தி ஒவ்வொருவரிடமும் போனார்.

"பாருங்க! கடி வாங்கியிருக்கான்! நல்லாப் பாருங்க, புதுசு! முதுகுல! இவனே கடிச்சுக்க முடியுமா? என் பையனை யாரோ கடிச்சிருக்காங்க!"

ஹாரன் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பெருமையாக "பீப், பீப்" என்றான். அம்மாக்கள் தங்கள் தங்கள் பிள்ளைகளின் வாயைப் பார்த்தார்கள். பின்னால் வந்து நின்ற மேடம் என் முழங்கையைக் கிள்ளினார்.

ஊர்வலம் டாக்டரம்மாவிடம் வந்தது. தொழில் பழக்கம், குனிந்து பார்த்தார். பல் அடையாளம் அச்சுப் போல விழுந்திருந்தது. முன்பல் வரிசையில் ஒன்று மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி. அவர் நிமிரவில்லை. ஒரு விரலை நீட்டி அந்த உள்தள்ளிய இடத்தைத் தொட்டார். தினமும் தன் மடியில் தலையை வைத்துத் துலக்கிவிடுகிற பல்லை ஒரு அம்மாவுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"யாரு டாக்டர்? பையனா, பொண்ணா?" என்று ஒருத்தி ஆவலாகக் கேட்டாள்.

சரியாகத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், மேடம் கைகூப்பியிருப்பார். டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"என் பொண்ணு," என்றார். "இது என் பொண்ணு பல்லு."

பஞ்சு அவர் காலைக் கட்டிக்கொண்டு துணியை மென்றுகொண்டிருந்தாள். கேள்வி கேட்ட அந்த அம்மா தன் பிள்ளையைத் தோளில் பிடித்துப் பஞ்சுவிடமிருந்து ஒரு எட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் இழுத்தாள். டாக்டரம்மா அதைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. இத்தனை நாள் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டிரைவரும் அந்த ஒரு எட்டைப் பார்த்தார். அவருக்கு அது பழக்கம். சிரிப்பு நின்றுவிட்டது. பையனின் சட்டையை இறக்கிவிட்டார்.

"மேடம், திங்கட்கிழமை இவன் வரலாமா?"

மேடம் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இந்தத் தடவை யாரும் சத்தம் போடவில்லை. "வரட்டும், வரட்டும்" என்றார் அவசரமாக.

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஹாரனைக் கீழே இறக்கிவிட்டுப் பஞ்சுவின் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"நீயும் வரணும், சரியா? நீ வரலைன்னா இவன் யார் கூட விளையாடுவான்?"

பிறகு அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"கண்டிப்பா அனுப்புங்க டாக்டர். நான் இவனுக்கு ரெண்டு சட்டையாப் போட்டு விடுறேன்."